புதுப்பிப்பு: காகிதக் கூழ் கூடை இந்த முறை விரிசல் விடவில்லை

போன மாதம் கேட்டிருந்தேன்: பிள்ளைகளோடு செய்த காகிதக் கூழ் கூடை காயும்போதே விளிம்பிலிருந்து அடிவரை பிளந்துவிட்டது, ஏன் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இரண்டாவது கூடை நேற்று முழுசாக வந்துவிட்டது!

தவறு இரண்டு இடத்தில். கூழைச் சரியாக அரைக்கவில்லை. குண்டான்மேல் அப்பியதை முழுக்கக் காயும்வரை கழற்றவும் இல்லை. கூழ் காயக் காயச் சுருங்கும், உள்ளே இருக்கும் பாத்திரம் சுருங்காது. பிளக்காமல் என்ன செய்யும்?

இந்த முறை செய்தித்தாளைக் கிழித்து, தினமும் தண்ணீர் மாற்றி 3 நாள் ஊறவைத்து, நைசாக அரைத்தோம். கிழிக்கும் வேலை முழுக்கச் சின்னவளுடையது, விட்டுக்கொடுக்கவே இல்லை. ஊறிய வெந்தயத்தை அம்மா தனியாக அரைத்துக் கூழோடு பிசைந்தார். கையில் உருட்டினால் உதிராமல் வழவழவென்று நிற்கணும், அதுதான் பதம் என்றார். வெந்தயம்தான் இதில் பசை. அந்தக் கசப்புக்குப் பூச்சியும் அண்டாது என்பது அம்மாவின் அனுபவம்.

கவிழ்த்த குண்டானில் ஈரத்துணி போட்டு, ஒரே கனமாக அப்பி, நிழலில் வைத்தோம். மறுநாள் தொட்டால் மேலே இறுகி, உள்ளே இன்னும் மெத்தென்று ஈரம். அந்த நேரத்தில் துணியோடு மெதுவாக உருவி எடுத்துவிட வேண்டும். பிறகு 2 நாள் வெயில்.

பெரியவன் காவி பூசி, சுண்ணாம்பால் கோலப்புள்ளி வைத்திருக்கிறான். இப்போது அதில் பூண்டு இருக்கிறது. அடுத்தது முறம், அதற்குப் புளியங்கொட்டைப் பசை பூசிப் பார்த்தவர்கள் பக்குவம் சொல்லுங்களேன்.