‘மிக்ஸ்’ பெற்றோலைத் தமிழில் என்னவென்று எழுதுவது?

கிளிநொச்சி, கையேடு தொகுப்பவர்:

எல்லோருக்கும் வணக்கம். மரம் அரியும் மெசின், புல்லு வெட்டும் மெசின், முதுகில் கொழுவி மருந்து விசிறும் மெசின் மூன்றுக்கும் சேர்த்து ஒரு சிறு கையேடு தயாராகிறது. காலபோக நெற்செய்கைக்கு வரம்பும் வாய்க்காலும் துப்புரவாக்கத் தொடங்குமுன் ஆட்களின் கைக்குப் போகவேண்டும்.

பெற்றோலுக்குள் ரூ ஸ்ரோக் (two-stroke) எஞ்சின் ஒயில் விட்டுக் குலுக்கி எடுப்பதை எல்லாரும் ‘மிக்ஸ்’ என்கிறார்கள். வரைவில் அதைக் ‘கலவை எரிபொருள்’ என்றும், 50 பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு ஒயில் என்ற 50:1 அளவை ‘50க்கு 1 வீதம்’ என்றும் எழுதியிருக்கிறேன். கானில் ஒட்டும் ஸ்ரிக்கரிலும் இதே சொல்தான் வரும். ஸ்ரிக்கர் நாலு விரல் அகலம், நீளமான சொல் கொள்ளாது. பார்த்துச் சொல்லுங்கோ.

மாங்குளம், மெசின் திருத்துபவர்:

தங்கச்சி, ‘கலவை’ வேண்டாம். மெசினுக்குள் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. காபுரேற்றருக்குள் காற்றும் பெற்றோலும் சேருவதும் கலவைதான். கானுக்குள் பெற்றோலும் ஒயிலும் சேருவது வேறு கதை. இரண்டையும் ஒரே பெயரால் கூப்பிட்டால் பிஸ்ரன் இறுகும். பகிடி இல்லை, விளங்கப்படுத்துகிறேன்.

மெசின் முழு வேகத்தில் கீச்சிட்டுக் கத்துகிறது, வழமையைவிடச் சூடாகிறது, பிளக்கைக் கழற்றினால் முனை வெள்ளை வெளேரென்று இருக்கிறது. கையேட்டைப் புரட்டினால் ‘கலவை மெலிந்துள்ளது, செறிவாக்கவும்’ என்று இருக்கும். ஆள் என்ன செய்வார்? நேரே கானுக்குப் போய், லீற்றருக்கு 20 மில்லி விட்ட ஒயிலை 40 ஆக்குவார்.

குறைந்தது ஒயில் இல்லை, பெற்றோல். ஒயிலைக் கூட்டினால் அது இன்னும் குறையும். 50:1 இல் ஒரு லீற்றர் ‘மிக்ஸ்’ எடுத்தால் அதற்குள் பெற்றோல் ஏறத்தாழ 980 மில்லி. 25:1 இல் 962. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் பிழையான பக்கத்துக்குப் போகிறது. உண்மையான வருத்தம் அப்படியே கிடக்கும்: பெற்றோல் ரியூப் வெடித்திருக்கும், தாங்கிக்குள் கிடக்கிற பில்ரர் அடைத்திருக்கும், கிராங் சீல் தேய்ந்து காற்று இழுக்கும், அல்லது யாரோ காபுரேற்றரில் முழு வேகத்துக்குப் பெற்றோல் விடுகிற ‘எச்’ (H) திருகை அளவுக்கு மேல் உள்ளே இறுக்கியிருப்பார்கள். ஆள் ஒயில் கூட்டின நிம்மதியில் பாலை மரம் ஒன்றை அரியப் போவார்.

ஆகவே இரண்டுக்கும் இரண்டு பெயர் வேண்டும். இரண்டிலும் ‘கலவை’ வரக்கூடாது.

மல்லாவி, தமிழ் ஆசிரியர்:

தம்பி சொல்வது நியாயம். ‘கலப்பு’ என்று சுருக்கினாலும் ஆபத்து, ‘கலப்படம்’ பக்கத்திலேயே நிற்கிறது. ‘கலந்த பெற்றோல்’ என்றால் மண்ணெண்ணெய் விட்டு ஏமாற்றி விற்றது என்றுதான் சனம் நினைக்கும்.

என் முன்மொழிவு ‘மசகெரிபொருள்’. வண்டில் அச்சில் பூசின மசகு பழைய சொல், நல்ல சொல். உராயும் இடத்துக்கு வழுவழுப்புக் கொடுக்கிற எரிபொருள் என்ற பொருளும் ஒரே சொல்லில் வந்துவிடுகிறது.

‘வீதம்’ என்பதை மட்டும் உடனே வெட்டுங்கள், பிள்ளை. எங்களுக்கு 50 வீதம் என்றால் நூற்றுக்கு ஐம்பது. ‘50க்கு 1 வீதம்’ என்பதை அவசரத்தில் வாசிக்கிறவர் பாதிக்குப் பாதி விட்டாலும் குற்றம் சொல்ல ஏலாது. கணிதப் பாடத்தில் உள்ள ‘விகிதம்’தான் சரியான சொல்.

முல்லைத்தீவு, கரையோர எஞ்சின் வேலை:

மாஸ்டர், மசகு பழைய சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வானொலியும் பத்திரிகையும் ‘மசகு எண்ணெய்’ என்று சொல்வது நிலத்தடியில் இருந்து எடுக்கிற, சுத்திகரிக்காத எண்ணெயை. ‘உலக சந்தையில் மசகு எண்ணெய் விலை’ என்று கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. தமிழ்நாட்டில் அதே சொல் எஞ்சின் ஒயிலைக் குறிக்கும். ‘மசகெரிபொருள்’ என்று எழுதினால் இங்கே ஒருவர் ஒன்றை நினைப்பார், அங்கே ஒருவர் இன்னொன்றை நினைப்பார்.

அடுத்ததாக யாரும் ‘எண்ணெய்ப் பெற்றோல்’ என்று சொல்லுமுன் அதையும் மறித்துவிடுகிறேன். கரையில் ‘எண்ணெய்’ என்றால் மண்ணெண்ணெய். வெளியிணைப்பு எஞ்சின்களில் பாதிக்கு மேல் குடிப்பது அதைத்தான். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டின ஊர் இது, ஆகவே ‘எண்ணெய்ப் பெற்றோல்’ என்றால் பெற்றோலோடு மண்ணெண்ணெய் என்று விளங்குகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். மண்ணெண்ணெய் எஞ்சின் அதற்கென்று அமுக்கம் குறைத்துச் செய்தது. மரம் அரியும் மெசின் அப்படியில்லை. மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு, உள்ளே முந்தி வெடித்துத் தட்டும், பிஸ்ரன் தலை சிதையும்.

இதோடு இன்னொரு விசயமும் கையேட்டில் வரவேண்டும். படகுக்கு வாங்கின ஒயிலை மர மெசினுக்கும் விடுகிற பழக்கம் கரையில் உண்டு. அதுவும் ரூ ஸ்ரோக் ஒயில்தானே என்பது அவர்கள் சொல்லும் நியாயம். போத்தலில் ‘ரீசி டபிள்யூ 3’ (TC-W3) என்று இருந்தால் அது தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்குச் செய்தது. சாம்பல் விடாத ஒயில், படகுக்கு அதுதான் திறம். காற்றால் குளிருகிற மெசினின் சிலிண்டர் அதைவிட நல்லாகக் கொதிக்கும். அந்தச் சூட்டில் பிஸ்ரன் ரிங் பள்ளத்துக்குள் கரி பிடிக்காமல் கழுவுகிற சக்தி அதற்குப் போதாது. ரிங் ஒட்டிக்கொண்டால் கயிறு இழுக்கும்போது அமுக்கமே தெரியாது.

கிளிநொச்சி:

அப்படியென்றால் மிஞ்சுவது ‘ஒயில்’தான். மாஸ்டர் கோபிக்கக் கூடாது. எண்ணெய் என்றால் சமையலுக்கும் விளக்குக்கும் எஞ்சினுக்கும் பொது. ஒயில் என்றால் வன்னியில் எவருக்கும் எஞ்சின் ஒயில் தவிர வேறொன்றும் நினைவு வராது. ‘ஒயில் பெற்றோல்’ என்று வைத்தால் என்ன?

மாங்குளம் அண்ணை, எந்த ஒயில், எவ்வளவு, எப்படிக் கலக்கிறது என்ற பக்கத்தை நீங்களே எழுதித் தாங்கோ. அளவை எப்படிச் சொன்னால் பிழைக்காது?

மாங்குளம்:

‘ஒயில் பெற்றோல்’ நல்லது. கராஜில் ‘ஒயில் விட்ட பெற்றோல்’ என்று சொல்வார்கள், அதில் நடுச்சொல்லை மட்டும் நீக்கியிருக்கிறீர்கள்.

விகிதத்தைப் பெரிய எழுத்தில் போடவே வேண்டாம். ‘லீற்றருக்கு 20 மில்லி’ என்று எழுதுங்கோ. எங்கள் பக்கத்தில் பெற்றோல் போத்தலிலும் வாங்குகிறார்கள். சாராயப் போத்தல் 750 மில்லி, லீற்றர் இல்லை. அதற்கு 20 விட்டால் கூடிப்போகும், 15 போதும். 5 லீற்றர் கானுக்கு 100. இதெல்லாம் 50:1 கணக்கு. பழைய மெசின், அல்லது கம்பனிக் கையேடு 25:1 என்று கேட்கிற மெசின் என்றால் எல்லாம் இரண்டு மடங்கு: போத்தலுக்கு 30, லீற்றருக்கு 40, கானுக்கு 200. சில கம்பனிகள் தங்கள் ஒயில் என்றால் 50:1, வேறு ஒயில் என்றால் 33:1 என்று சொல்லும். அது லீற்றருக்கு 30. அளக்கிறதற்கு மூடிக்கணக்கு வேண்டாம், மூடி ஒவ்வொரு போத்தலுக்கும் ஒவ்வொரு அளவு. மருந்துக்கடையில் 20 மில்லி சிறிஞ்சு வாங்கி, ஊசியை எறிந்துவிட்டு, கானோடு கட்டி வைக்கலாம்.

ஒயில் போத்தலில் பார்க்க வேண்டியது ‘ஜாசோ எஃப்டி’ (JASO FD) என்ற தரக்குறி. இல்லாவிட்டால் ‘எஃப்சி’ (FC). ‘ஏபிஐ ரீசி’ (API TC) இருந்தாலும் பாதகமில்லை. எஃப்சியும் எஃப்டியும் புகை குறைந்தவை, எஃப்டி கரி கழுவுவதில் ஒருபடி மேல். நாலு ஸ்ரோக் மோட்டார் சைக்கிளுக்கு விடுகிற ஒயில் வேண்டவே வேண்டாம். அது எரிவதற்குச் செய்ததில்லை, சாம்பல் கட்டும், பெற்றோலோடும் ஒழுங்காகச் சேராது. ஒக்டேன் 92 பெற்றோல் போதும். இந்த மெசின்களுக்குப் பெரும்பாலும் கேட்பது குறைந்தது 90. 95 விட்டுப் பலம் கூடியதாக நினைப்பது மனப்பிரமை.

கலக்கிறது இப்படி: கானுக்குள் பாதிப் பெற்றோலை விடு, அளந்த ஒயிலை விடு, மூடி நல்லாகக் குலுக்கு, மிச்சப் பெற்றோலை விட்டுத் திரும்பவும் குலுக்கு. ஒயிலை முதலில் விட்டால் அடியில் ஒட்டிக்கொள்ளும். மெசினுக்கு ஊற்றுகிற ஒவ்வொரு தடவையும் குலுக்கு. ஒயிலுக்குள் நீலமோ பச்சையோ சிவப்போ சாயம் இருக்கும், நிறம் தெரியாத பெற்றோலைச் சந்தேகி. குளிர்பானப் போத்தலில் வைக்கக் கூடாது. வெயிலில் வீங்கும், வெளிச்சம் உள்ளே போகும், வீட்டில் பிள்ளைகள் எடுத்துக் குடிக்கவும் கூடும். மூடி இறுகிற பெற்றோல் கான் வேண்டும். ஊற்றுமுன் மெசின் பத்து நிமிடம் ஆறட்டும், ஊற்றின இடத்திலேயே நின்று இழுக்கக் கூடாது, மூன்று மீற்றராவது தள்ளிப் போகவேண்டும்.

கலந்தது ஒரு மாதத்துக்கு மேல் போனால் மெசினுக்கு விடவேண்டாம். எங்கள் வெயிலில் பெற்றோலின் இலேசான பகுதி முதலில் பறந்துவிடும், பிறகு மெசின் ஸ்ராட் எடுக்காது. மெசினுக்குள் தேங்கினால் இன்னும் மோசம். காபுரேற்றருக்குள் இருக்கிற மெல்லிய றப்பர் தகடு இறுகி மடங்காது, பெற்றோலை உறிஞ்சாது. சிறுபோகம் முடிந்து மூலையில் வைக்கும்போது தாங்கியில் இருப்பதை வெளியே ஊற்றிவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிடவேண்டும். கராஜுக்கு வருகிற புல்லு வெட்டும் மெசின்களில் பாதிக்கு இந்த ஒன்றுதான் வருத்தம்.

ஏன் நின்றது என்பதைப் பிஸ்ரனே சொல்லும். சைலன்சரைக் கழற்றிப் புகைவாயால் பார்க்கலாம். புகைப் பக்கத்தில் மட்டும் நெடுங்கீறல் என்றால் சூடு, பெரும்பாலும் காற்றுக் கூடினது. சுற்றிவரக் கீறல் என்றால் ஒயிலே இல்லாத வெறும் பெற்றோல். காற்று உள்ளே வருகிற பக்கம் மங்கிச் சாம்பல் நிறமாகத் தேய்ந்திருந்தால் எயார் பில்ரர் வழியே தூள் போயிருக்கிறது, காய்ந்த பனை அரிகிற ஆட்களுக்கு இது வரும். ஒயில் கூடினால் பிளக் கறுத்து ஈரமாகும், சைலன்சர் வாயில் இருக்கிற கம்பிவலை கரியால் அடைபடும், மெசின் இழுவை குறையும். மெசின் செத்துப் போகாது. ஒயில் இல்லாவிட்டால் செத்துப் போகும். ரூ ஸ்ரோக்கில் கிராங் அறைக்குள் தனியாக ஒயில் நிற்பதில்லை, பெயாரிங்குக்கும் பிஸ்ரனுக்கும் போகிற ஒயில் முழுதும் அந்தப் பெற்றோலோடு வருகிறதுதான்.

புல்லு வெட்டும் மெசின் எல்லாம் ரூ ஸ்ரோக் என்று எழுதிவிடாதேங்கோ. நாலு ஸ்ரோக்கும் ஓடுகிறது. அடியில் ஒயில் பார்க்கிற மூடி தனியாக இருந்தால் அது நாலு ஸ்ரோக், வெறும் பெற்றோல்தான். ரூ ஸ்ரோக் என்றால் தாங்கி மூடியில் பெற்றோல் பம்பும் ஒயில் துளியும் படம் போட்டிருக்கும். மாறி விட்டால் நாலு ஸ்ரோக் புகைக்கும், அவ்வளவுதான். ரூ ஸ்ரோக்குக்கு வெறும் பெற்றோல் போனால் ஒரு தாங்கி முடியுமுன் இறுகும்.

மல்லாவி:

கோபம் ஒன்றும் இல்லை. ‘ஒயில்’ என்றால் தமிழில் அழகு, நளினம். ஒயிலாட்டம் ஆடின சொல் மெசினுக்குள் போய்க் கரி பூசிக்கொள்ளட்டும். ஆனால் எழுதுவதென்றால் இலக்கணப்படி ‘ஒயிற்பெற்றோல்’ என்று எழுதவேண்டும்.

காபுரேற்றர்க் கலவைக்கு ‘மெலிவு, செறிவு’ இரண்டையும் விடுங்கள். எது மெலிந்தது, எது செறிந்தது என்ற கேள்வி அதற்குள்ளேயே நிற்கிறது. ‘காற்று மிகை’, ‘பெற்றோல் மிகை’ என்று வைத்தால் சொல்லே மருந்தையும் சொல்லும். ஒயில் அதில் வராததால் ஒருவரும் கானிடம் போகமாட்டார்கள்.

மாங்குளம்:

‘காற்று மிகை’ அருமை, மாஸ்டர். நாங்களும் ‘காத்துக் கூட’ என்றுதான் கதைப்பது. ‘ஒயிற்பெற்றோல்’ மட்டும் வேண்டாம். கையில் கிறீஸ் பிடித்த ஆள் அதை ‘ஒயிறு’ என்று வாசித்துவிட்டு என்ன சாமான் என்று கேட்பார்.

முல்லைத்தீவு:

மரம் அரியும் மெசினில் சங்கிலிக்கு விடுகிற ஒயிலுக்கும் தாங்கி பக்கத்திலேயே இருக்கிறது. அதைச் ‘சங்கிலி ஒயில்’ என்று தனியாக எழுதுங்கோ. கழித்த எஞ்சின் ஒயிலை அதற்கு விடவேண்டாம் என்றும் ஒரு வரி. உலோகத் தூள் பம்பையும் பிளேட்டையும் தின்னும், தோலுக்கும் கூடாது. ஸ்ரிக்கரில் திகதி எழுத இடம் விட்டீர்களா? இல்லாவிட்டால் ஒரு மாதம் என்றது ஒருவருக்கும் நினைவிராது.

கிளிநொச்சி:

இப்போது ஸ்ரிக்கர் இப்படி இருக்கிறது:

ஒயில் பெற்றோல்
ரூ ஸ்ரோக் மெசினுக்கு மட்டும்
லீற்றருக்கு 20 மில்லி · போத்தலுக்கு 15 மில்லி
(25:1 மெசினுக்கு இரண்டு மடங்கு)
குலுக்கி ஊற்றவும்
கலந்த திகதி: ……………

உள்பக்கங்களில் ‘காற்று மிகை’, ‘பெற்றோல் மிகை’, ‘சங்கிலி ஒயில்’ மூன்றும் ஏறிவிட்டன. அச்சகத்துக்குப் பின்னேரம் போகிறது. ‘ல்’லை அப்படியே விடுகிறேன், மாஸ்டர்.