வெளிநாட்டு உதவியால் திருகோணமலைக் குப்பை தீருமா? அந்த 263 கொள்கலன்களுக்கு யார் பதில் சொல்வது?

உப்புவெளி வாசி:
“வெளிநாட்டு அபிவிருத்தி ஒத்துழைப்பு கிடைத்தால் திருகோணமலையின் குப்பை முழுவதும் மூலப்பொருளாகிவிடும்” என்று கிண்ணியா ஆசிரியர் நேற்று எழுதியதை வாசித்துப் பொறுக்க முடியாமல் இதை எழுதுகிறேன். 2017, 2018 ஆம் ஆண்டுகளில் பிரித்தானியாவிலிருந்து கொழும்புக்கு 263 கொள்கலன்கள் வந்தன. பழைய மெத்தைகளையும் தரைவிரிப்புகளையும் மீளப் பயன்படுத்தப் போவதாகச் சொல்லித்தான் அவற்றை இறக்கினார்கள். திறந்து பார்த்தபோது வைத்தியசாலைக் கழிவும் சேர்ந்து நாறியது. கழிவையே மீண்டும் மூலப்பொருளாக்கும் சுழற்சிப் பொருளாதாரம் பற்றி எமக்குப் பாடம் எடுப்பவர்கள் முதலில் அதற்குப் பதில் சொல்லட்டும்.

கிண்ணியா ஆசிரியர்:
ஐயா, அது ஒரு வியாபாரியின் இறக்குமதி. எந்த நாட்டின் உதவித் திட்டமும் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2007 முதல் நிலைபேறான உற்பத்திக்கும் நுகர்வுக்கும் ஆசியாவில் நடத்திவரும் ‘ஸ்விட்ச் ஏசியா’ திட்டத்தைப் பற்றியோ, கொரிய உதவியுடன் தொம்பேயில் அமைந்த குப்பைத் தளத்தைப் பற்றியோ ஒரு வரிகூட எழுதாமல் கொள்கலன்களையே பிடித்துக்கொண்டிருப்பது நியாயமா? அவை திருப்பி அனுப்பப்பட்டும் விட்டன.

உப்புவெளி வாசி:
திருப்பி அனுப்பப்பட்டன என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். விடயம் 2019 இல் வெளிவந்தது. 2020 செப்டம்பரில் 21 கொள்கலன்கள் போயின. வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்ற பிறகு, கடைசித் தொகுதி 2022 பெப்ரவரியில்தான் கப்பலேறியது. ஆபத்தான கழிவுகளை நாடு விட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை 1989 இலேயே கையெழுத்தானது. அப்படியிருந்தும் அனுப்பிய நாட்டின் துறைமுகத்தில் எவரும் தடுக்கவில்லையே, ஏன்? தொம்பேயைச் சொன்னீர்கள். அங்கே நடப்பது பாதுகாப்பாகப் புதைப்பது. புதைத்த பொருள் எப்படிச் சுழலும்?

சீனக்குடா சகோதரி:
இருவரும் கொழும்புத் துறைமுகத்தை விட்டு எங்கள் ஊருக்கு வாருங்கள். நான் போத்தல் தரம்பிரிக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். மூடியைக் கழற்றி, சுற்றுத்தாளை உரித்து, நிறமற்றதைத் தனியாகவும் பச்சையைத் தனியாகவும் பிரித்தால்தான் வாங்குபவர் விலை பேசுவார். உதவித் திட்டமொன்றில் கிடைத்த அமுக்கிக் கட்டும் இயந்திரம் எண்ணெய்க் குழாய் வெடித்த நாளிலிருந்து தறப்பாளின் கீழ் கிடக்கிறது. மாற்றுக் குழாய்க்குத் திட்டத்தில் பணம் ஒதுக்கப்படவில்லையாம்.

கிண்ணியா ஆசிரியர்:
சகோதரி சொல்வது பராமரிப்புக் குறைபாடு. அதற்கு உள்ளூராட்சி நிர்வாகமே பொறுப்பு. நன்கொடை தந்த நாட்டைக் குறை சொல்வது நன்றி கெட்டதனம். சோற்றைப் பொலித்தீன் தாளில் சுற்றக்கூடாது என்ற தடை 2017 செப்டம்பரிலேயே வந்தது. அப்படியிருந்தும் திருகோணமலைப் பிரடெரிக் கோட்டை மான்கள் இன்றும் குழம்பு ஒட்டிய பொலித்தீனை மெல்லுகின்றன. அதையும் வெளிநாட்டுக்காரனா போட்டான்?

உப்புவெளி வாசி:
மான்களைக் காட்டிக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. இயந்திரத்தைத் தந்து, நாடா வெட்டி, படம் எடுத்து, அறிக்கையில் சேர்த்துவிட்டுப் போவதற்குப் பெயர் ஒத்துழைப்பா? ஐந்து வருடத்துக்கு உதிரிப்பாகமும், திருத்தத் தெரிந்த நம்மூர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சியும், பிரித்த போத்தலுக்கு நிலையான கொள்வனவாளரும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். தன் கழிவைப் பிற நாட்டில் தள்ளமாட்டேன் என்று உதவி தரும் நாடு கொடுக்கும் உறுதியும் அதே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அதனால்தான் 263 கொள்கலன்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கிண்ணியா ஆசிரியர்:
திரும்பத் திரும்பச் சொன்னாலும் வியாபாரி வியாபாரிதான். சென்ற வருடம் மீன்பிடி வலை விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் என்னை இழுத்தடித்தீர்கள்.

உப்புவெளி வாசி:
வலை விவாதத்தில் நான் கேட்டதற்கும் நீங்கள் இன்னும் பதில் தரவில்லை. பழைய வலையை வாங்க ஆள் இல்லாமல் கரையில் எரிக்கிறார்கள் என்றேன்; நீங்கள் கருத்தரங்கு நடத்தலாம் என்றீர்கள். சரி, வியாபாரி என்கிறீர்கள். அந்தக் கழிவை அவனுக்கு ஏற்றுமதி செய்தவர்கள் யார்? அதைச் சொல்லுங்கள்.

சீனக்குடா சகோதரி:
குழாய்க்கு யாராவது வழி சொல்வீர்களா?

கிண்ணியா ஆசிரியர்:
ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அது உதவித் திட்டம் அல்ல.