ஆகஸ்ட் பயிற்சியைக் காண ரசிகர்களை அனுமதிக்க வேண்டுமா?

மேற்குப்படி எழுதியது:
தலைக்கவசமும் கவசமும் அணிந்து மோதி ஆடும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பருவம் தொடங்கும் முன் ஆகஸ்டில் நடக்கும் பயிற்சி முகாமைப் பல பயிற்சியாளர்கள் திரைபோட்டு மூடிவிட்டார்கள். நான் பின்தொடரும் அணி இவ்வாண்டு ஒரேயொரு காலை மட்டும் கதவைத் திறந்தது. அன்று தாக்குதல் வரிசையினர் பயிலும் மூலைக்கு நேரெதிரே அமர்ந்திருந்தேன். எதிரில் நிற்பவர் வெளிப்புறமாகப் பாயும்போதெல்லாம் இரண்டாம் நிலை இடது டேக்கிள் (எதிரணியினரைத் தடுக்கும் வீரர்) பின்காலைச் சற்றுத் தாமதமாகவே எடுத்துவைத்தார். பயிற்சியாளரோ சத்தம் போடாமல், தம் காலணி நுனியால் அந்தக் குதிகாலைத் தட்டித் தட்டி, மூச்சிரைக்கும் அந்த மாணவரை மீண்டும் மீண்டும் நிலைகொள்ள வைத்தார். கேமரா எப்போதும் பந்தின் பின்னாலேயே போவதால் தொலைக்காட்சியில் இதை ஒருநாளும் பார்க்க முடியாது. 2025 ஜூலை முதல் ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கலாம், முதல் ஆண்டில் ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை, என்றாகிவிட்டது. அதற்காக எங்களிடம் நன்கொடை கேட்பவர்கள் எங்களுக்குக் காட்டுவதை மட்டும் குறைத்துக்கொண்டே போவது எந்த வகையில் நியாயம்?

மூடியகதவு எழுதியது:
நீங்கள் அந்தக் குதிகாலை ரசித்தீர்கள். முதல் ஆட்டத்தில் உங்களை எதிர்கொள்ளும் அணிக்கு அதே குதிகால் ஒரு தகவல். மிச்சிகன் பல்கலைக்கழக அணியின் ஊழியர் ஒருவர், எதிரணிகளின் ஆட்டங்களுக்கு ஆட்களை அனுப்பி, அடுத்த ஆட்டத்திட்டத்தை வீரர்களுக்குச் சொல்ல மைதான ஓரத்தில் காட்டப்படும் சைகைகளைப் படம்பிடிக்க ஏற்பாடு செய்த விவகாரம் 2023-இல் வெடித்ததை மறந்துவிட்டீர்களா? 2024 முதல் பயிற்சியாளர் பேசுவதைக் கேட்கத் தலைக்கவசத்துக்குள்ளேயே வானொலி வந்துவிட்டதால் சைகைத் திருட்டுக்கு மவுசு குறைந்திருக்கலாம். ஆனால் 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு விளையாட்டுச் சூதாட்டத்துக்கு வழிவிட்ட பிறகு, மாற்று குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) நொண்டி நடப்பதைப் பார்த்த ஒருவரின் கைப்பேசிச் செய்திக்கும் விலை உண்டு.

மேற்குப்படி எழுதியது:
கைப்பேசியை வாசலிலேயே உறையிலிட்டு முத்திரை வைக்கலாமே; கச்சேரி அரங்குகளில் செய்வதைக் கல்லூரியால் செய்ய முடியாதா? ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகம் 2016-இல் நடத்திய வசந்தகாலப் பயிற்சி ஆட்டத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். அதனால் அந்த அணியின் இரகசியம் எதுவும் பறிபோகவில்லை. 2025-இல் நெப்ராஸ்கா வழக்கமான வசந்த ஆட்டத்தைக் கைவிட்டபோது, தன் வீரர்களை மற்ற அணிகள் கவர்ந்துவிடும் என்று பயிற்சியாளர் மேட் ரூல் கவலை தெரிவித்தார். வீரரைக் கவர வருபவரிடம் பணமும் பழைய ஆட்டங்களின் ஒளிப்பதிவும் ஏற்கெனவே இருக்கின்றன. அவர் படிக்கட்டில் வந்து உட்கார வேண்டியதில்லை.

பனிக்கட்டித்தொட்டி எழுதியது:
இருவரும் இரகசியத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குப் பயமெல்லாம் வெயில்தான். 1954-இல் டெக்சாஸ் ஏ அண்டு எம் பயிற்சியாளர் பேர் பிரையன்ட், ஏறத்தாழ 100 மாணவர்களைப் பேருந்துகளில் ஏற்றி, வளாகத்திலிருந்து வெகுதொலைவில் இருந்த ஜங்ஷன் என்னும் சிற்றூருக்குக் கொண்டுபோய், குடிக்கத் தண்ணீரும் தராமல் வாட்டினார். பாதிக்கும் மேற்பட்டோர் விலகி ஓடினார்கள். அந்தப் பருவத்தில் அணி வென்றது ஒரே ஓர் ஆட்டம். 1956-இல் அதே அணி தோல்வியே காணாமல் தன் கான்ஃபரன்ஸ் (கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) பட்டம் வென்றதைக் காட்டி அந்த முகாமை இன்றும் நியாயப்படுத்துபவர்கள் உண்டு. கண்காணிக்க ஆளில்லாத இடத்தில்தான் அப்படியெல்லாம் நடக்கும். ஆகவே கதவு திறந்திருக்கட்டும் என்பேன்.

மூடியகதவு எழுதியது:
இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 2018 மே மாத இறுதியில் மேரிலாந்து பல்கலைக்கழக வீரர் ஜோர்டன் மெக்நேர் பயிற்சியின்போது வெப்பத்தாக்கத்துக்கு ஆளாகி, அடுத்த மாதம் இறந்தார். அங்கே கண்கள் இல்லாமலில்லை. பயிற்சியாளர்களும் உடல்நலப் பணியாளர்களும் உடனிருந்தார்கள். குளிர்நீரில் உடனே அமிழ்த்த வேண்டியதைத்தான் யாரும் செய்யவில்லை. படிக்கட்டிலிருக்கும் கூட்டம் எதற்குக் கைதட்டும் என்று நமக்குத் தெரியாதா? பலமான மோதலுக்குத்தான் தட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டபின், களைத்துப்போன 19 வயதுப் பையன் தண்ணீர் கேட்டு வெளியே வரத் தயங்குவான். நிலைமையை மாற்றியவை விதிகள்: 2017-இல் ஒரே நாளில் இருமுறை நடத்தும் மோதல் பயிற்சிகள் ஒழிந்தன, 2021-இல் முகாமுக்கு 25 பயிற்சிகள், அவற்றில் முழுக் கவசத்தோடு 9 மட்டுமே என்ற வரம்பு வந்தது.

மேற்குப்படி எழுதியது:
விதி தாளில் இருக்கிறது. அது நடப்பில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் யாராவது வேண்டும். அன்று களத்தின் ஓரத்தில் நீர் நிரப்பிய தொட்டியும், அதனருகே குவித்திருந்த பனிக்கட்டிப் பைகளும் எங்கள் கண்ணில் பட்டன. அடுத்த ஆண்டு அவை இல்லையென்றால் கேட்பதற்கு ஆளிருக்கும். முழு அணியும் திட்டங்களை ஒத்திகை பார்க்கும் பகுதியை மூடிக்கொள்ளுங்கள், மறுப்பில்லை. தனித்தனிக் குழுக்களாகப் பயிலும் முதல் ஒரு மணி நேரத்தையாவது திறந்துவிடுங்கள்.

மூடியகதவு எழுதியது:
அந்த ஒரு மணி நேரத்துக்கு உடன்படுகிறேன். ஆனால் காயமடைந்தவர்கள் தனியே பயிலும் மூலையைத் திரையிட்டே வைக்க வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.