புதுப்பிப்பு: பல் பிடுங்கிய பிறகு சாப்பிடாத சர்க்கரை நோய்ப் பூனை (ஊட்டி)

இன்சுலின் போடும் எங்கள் பூனை, பல் பிடுங்கியதிலிருந்து சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறாள் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள்.

பலித்தது "முதலில் வலியைக் கவனியுங்கள்" என்ற யோசனைதான். டாக்டர் பார்த்தபோது கீழ்த்தாடையில் தையல் பிரிந்து ஈறு வீங்கியிருந்தது. மறுபடி தைத்து, வலி மருந்தை மாற்றினார். அன்று சாயங்காலமே வெதுவெதுப்பான கோழிச் சாற்றை (வெங்காயம், பூண்டு இல்லாமல்) நக்க ஆரம்பித்தாள். நாம் போடும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம், கால் மாத்திரைகூடக் கூடாது.

எதிர்பாராதது அப்புறம் வந்தது. வாயில் சீழ் இருக்கும்வரை இன்சுலின் சரியாக வேலை செய்யாதாம். சொத்தைப் பல் போனதும் பழைய இன்சுலின் அளவே அதிகமாகிவிட்டது. ஒரு காலையில் பின்னங்கால் தள்ளாடியது. காது ஓரத்தில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 52 mg/dL, ரொம்பக் குறைவு. புண் இல்லாத பக்க ஈறில் தேன் தடவிவிட்டு டாக்டருக்கு போன் போட்டோம். அளவைக் குறைத்துவிட்டார். ஊசிக்கு முன் சர்க்கரை பார்க்கச் சொன்னவருக்குத் தனி நன்றி!

நம் ஊர்க்காரர்களுக்கு: பல குளுக்கோமீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே எர்ரர்தான் காட்டும். கொஞ்ச நேரம் ஸ்வெட்டருக்குள் வைத்து எடுங்கள். காதையும் வெந்நீர்த் துணியால் ஒற்றினால்தான் ரத்தம் வரும். குளிர்தானே என்று இன்சுலினை ஜன்னலோரம் வைக்காதீர்கள், உறைந்தால் வீண். ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிதான்.