ரான்சம்வேர் (கணினி ஃபைல்களைப் பூட்டிவைத்து, திறக்கப் பணம் கேட்கும் நிரல்): உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

2021 மே மாதம் நான் வட கரோலினாவின் ஷார்லட்டில் இருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை காரில் கால் டேங்க்கூட இல்லை, சரி, வழியில் போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பினால் முதல் பங்கிலேயே குழாய்களுக்கு உறை மாட்டியிருந்தார்கள், அடுத்ததிலும் அதே, நான்காவதில் வரிசை சாலைவரை நீண்டிருந்தது. ஒன்றரை மணி நேரம் நின்றேன். பின்னால் இருந்த ஒரு நர்ஸ், டியூட்டிக்கு நேரமாகிறது என்று இறங்கி வந்து கேட்டார். யாரும் வழிவிடவில்லை. நானும் விடவில்லை, அது இன்றும் உறுத்துகிறது.

டெக்சாஸிலிருந்து நியூஜெர்சிவரை 5,500 மைல் ஓடும் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்தின் எரிபொருள் குழாய் நின்றுபோயிருந்தது. கிழக்குக் கரைக்குத் தேவையானதில் 45 சதவீதம் அதில்தான் வருகிறது. டார்க்சைட் என்ற ரான்சம்வேர் கும்பல் பூட்டியது அலுவலகக் கணினிகளைத்தான், ஆனால் எதுவரை உள்ளே வந்திருக்கிறார்கள் என்று தெரியாததால் மே 7 அன்று குழாயை நிறுவனமே நிறுத்திவிட்டது. நுழைந்த வழி, யாரும் பயன்படுத்தாமல் விட்ட ஒரு பழைய விபிஎன் கணக்கு, அதாவது வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழைவதற்கான கணக்கு. வெறும் கடவுச்சொல்தான் காவல், ஓடிபி மாதிரி எதுவும் கிடையாது! 75 பிட்காயின் கொடுத்தார்கள், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர். அடுத்த ஆண்டு கோஸ்டா ரிக்காவில் காண்டி கும்பல் நிதி அமைச்சகத்தையே முடக்க, சுங்க வேலையெல்லாம் காகிதத்துக்குத் திரும்பி, புது அதிபர் பதவியேற்றதும் தேசிய அவசரநிலை அறிவிக்க வேண்டியதாயிற்று.

பதில்:

அண்ணா, எங்களுக்கு நடந்தது சின்னது, ஆனால் வந்த வழி கிட்டத்தட்ட அதேதான். திருப்பூரில் ஒரு பனியன் ஜாப் ஒர்க் யூனிட்டில் கணக்கு பார்க்கிறேன். ஆடிட்டர் வீட்டிலிருந்தே டாலி பார்க்கட்டும் என்று கொரோனா சமயத்தில், வெளியிலிருந்தே எங்கள் கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்துவிட்டோம், அப்புறம் அதை யாரும் மூடவில்லை. ஒரு திங்கள்கிழமை வந்து பார்த்தால் எல்லா ஃபைல் பெயருக்கும் பின்னால் புரியாத எழுத்துகள். பேக்கப் இருந்தது, ஆனால் அந்த ஹார்ட் டிஸ்க் எப்போதும் சிஸ்டத்திலேயே செருகிக் கிடந்ததால் அதுவும் போச்சு. யார் எத்தனை பீஸ் தைத்தார்கள் என்ற கணக்கும் அதற்குள்தான். டெய்லர் அக்காக்கள் தாங்களே எழுதி வைத்திருந்த சின்ன நோட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், அதை வைத்துத்தான் அந்த வாரக் கூலி போட்டோம்.

முதலாளி பணம் கட்டவில்லை. ஆனால் போலீஸுக்கும் போகவில்லை, பையர் காதுக்கு எட்டினால் ஆர்டர் போய்விடும் என்ற பயம். இப்படி நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022லேயே உத்தரவு வந்திருப்பது எனக்கு அப்போது தெரியாது. மூன்று வாரம் கழித்துப் பக்கத்துத் தெரு யூனிட்டிலும் ஃபைல்களுக்குப் பின்னால் அதே எழுத்துகள். நாங்கள் வாய் திறந்திருந்தால் அவர்கள் ரிமோட்டையாவது மூடியிருப்பார்கள்.

பதில்:

தம்பி, அந்த ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். டச்சுப் போலீஸும் ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோலும் சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் பூட்டிய ஃபைல் ஒன்றை ஏற்றினால் எந்த வகை என்று பார்த்துச் சொல்லும், சில வகைகளுக்குப் பூட்டைத் திறக்கும் சாவி இலவசமாகவே கிடைக்கிறது. இன்று இல்லாவிட்டாலும் பின்னால் வரலாம். புகாரை இப்போதாவது கொடுங்கள், முடிந்தால் பக்கத்துத் தெருக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.