விண்ணிலிருந்து புதுத் தொற்றுநோய் வருமா? எதை வைத்து முடிவு செய்வது?

செங்கோள்:
2003 மே மாதம் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கடிதம் வந்தது. சார்ஸ் வைரஸ் விண்ணிலிருந்து இறங்கியிருக்கலாம் என்று வானியலாளர் சந்திர விக்கிரமசிங்க உள்ளிட்டோர் எழுதியிருந்தார்கள். ஃப்ளூவே வால்மீன் தூசியில் வருவதுதான் என்று இன்னொரு வானியலாளர் பிரெட் ஹாயிலும் அவரும் முன்பே வாதிட்டவர்கள். இப்போது செவ்வாய் மண்ணைக் கொண்டுவரும் பேச்சு நடக்கிறது. பழைய கேள்வியும் கூடவே எழுந்துவிட்டது. ஒரு கிருமி வானத்துச் சரக்கா, இந்த மண்ணில் பிறந்ததா என்று எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? எரிகல் எரிந்துகொண்டே விழுகிறதே, அதற்குள் உயிர் தாங்குமா? பயம் தேவையில்லை என்றால் நிலவுக்குப் போய்வந்த அப்பல்லோ வீரர்களை ஏன் 21 நாள் அடைத்து வைத்தார்கள்?

ரைபோசோம்:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், வைரஸை வைத்து.

வைரஸுக்குச் சொந்தமாகப் பட்டறை கிடையாது. நம் செல்லில் புரதம் செய்யும் ரைபோசோமில்தான் அது தன் புரதத்தைச் செய்துகொள்ள வேண்டும். மரபணுவின் மூன்றெழுத்துச் சொற்களில் ஏயுஜி என்றால் தொடங்கு, யுயுயு என்றால் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் என்று நம் செல் படிக்கிற அதே அகராதியில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும். அதற்கும் முன்னால் செல்லுக்குள் நுழையச் சாவி வேண்டும். சார்ஸ் வைரஸின் முள்புரதம் நம் செல்லின் மேலுள்ள ஏசிஇ2 என்ற ஒரே பூட்டுக்குப் பொருந்துவது. நம்மைப் போன்ற விலங்குகளோடு நெடுங்காலம் பழகாத ஒன்றிடம் அந்தச் சாவி இருக்க வழியே இல்லை.

அந்தக் கடிதம் அச்சாகும் முன்பே, ஏப்ரலில், சார்ஸின் மரபணு வரிசை வெளியாகிவிட்டது. சுமார் 29,700 எழுத்துகள். அது கொரோனா குடும்பத்தின் புதுக் கிளை என்பது அதிலேயே தெரிந்தது. நெருங்கிய சொந்தங்கள் 2005இல் சீனத்து லாட வௌவால்களிடம் கிடைத்தன. ஃப்ளூவில் இது இன்னும் தெளிவு. அதன் மரபணு 8 துண்டுகள். 1968இல் பரவிய எச்3என்2 ஃப்ளூவைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு துண்டுகள் பறவை ஃப்ளூவிலிருந்து வந்தவை, மீதி ஆறும் 1957 முதல் மனிதரிடம் சுற்றிக்கொண்டிருந்த எச்2என்2வினுடையவை. துண்டு துண்டாகப் பெற்றோர் பெயர் சொல்ல முடிகிற ஒன்றுக்கு வால்மீனில் பிறப்பிடம் தேட வேண்டியதில்லை.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். எல்லாக் கிருமிக்கும் நம்மோடு பழக்கம் தேவையில்லை. டெட்டனஸ் பாக்டீரியா மண்ணில் வாழ்வது. நம்மைக் கொல்வது அதன் நஞ்சு. லெஜியோனெல்லா தண்ணீரில் அமீபாவுக்குள் வளர்வது. நம் நுரையீரலுக்குள் தற்செயலாக வந்து சேர்கிறது. வேற்றுக் கோளின் உயிரிடம் அஞ்ச ஏதாவது இருந்தால் இந்த வகையில்தான் இருக்கும். வாய்ப்பு மிகச் சிறியது, ஆனால் சுழியம் இல்லை.

எரிகல்_தேடி:
எரிகல் முழுக்க எரிவதில்லை. காற்றில் உரசும் சில நொடிகளில் மேற்பரப்பு உருகி வழிந்துவிடும். விழுந்த கல்லில் ஒரு மில்லிமீட்டர் அளவு கறுப்புத் தோல்தான் மிஞ்சும். உள்ளே சூடு இறங்க நேரமே கிடையாது. அண்டார்டிகாவில் கிடைத்த ஏஎல்எச்84001 என்ற செவ்வாய்க் கல்லில், சூடேறினால் அழிந்துவிடும் காந்தப் பதிவைப் பார்த்தவர்கள், செவ்வாயிலிருந்து கிளம்பி இங்கே வரும்வரை அதன் உட்பகுதி 40 டிகிரியைத் தாண்டவில்லை என்றார்கள். ஜப்பானின் தான்போபோ சோதனையில் டெயினோகாக்கஸ் பாக்டீரியாவைக் காயவைத்து விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் மூன்றாண்டு வைத்தார்கள். 0.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடித்த திரள்களில் மேலடுக்கு செத்து, அடியில் இருந்தவை பிழைத்தன. ஆக, பயணத்தைத் தாங்குவது முடியாத காரியம் இல்லை.

செவ்வாய்க் கற்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இங்கே விழுந்துகொண்டே இருக்கின்றன. பீகாரின் ஷெர்காட்டியில் 1865 ஆகஸ்ட் 25 அன்று விழுந்த 5 கிலோ கல்லும் செவ்வாயினுடையதுதான்.

பெருவின் கரன்காஸில் 2007 செப்டம்பரில் எரிகல் விழுந்து 13 மீட்டர் அகலப் பள்ளம் உண்டானபோது, பார்க்கப் போனவர்களுக்குத் தலைவலி, வாந்தி. உடனே விண்கிருமி என்றார்கள். தொற்று என்றால் கிருமி உடம்பில் பெருக நேரம் வேண்டும், பிறகு வீட்டில் இருப்பவருக்கும் ஒட்ட வேண்டும். இங்கே அந்தக் கணக்கு பொருந்தவில்லை. பள்ளத்தில் ஊறிய நிலத்தடி நீரில் ஆர்செனிக் இருந்திருக்கலாம் என்றும், கல்லின் கந்தகச் சேர்மத்திலிருந்து வாயு கிளம்பியிருக்கலாம் என்றும் விளக்கம் சொன்னார்கள்.

சுத்த_அறை:
விண்கிருமி என்ற செய்தியில் நான் முதலில் தேடுவது வெற்று மாதிரியை. அதே கருவி, அதே குப்பி, அதே ஆய்வகம், உள்ளே சரக்கு மட்டும் இல்லை. அதிலும் கிருமி முளைத்தால் பேச்சு முடிந்தது.

சர்வேயர் 3 என்ற ஆளில்லா நிலவுக் கலத்தின் கேமராவின் கதை இதுதான். 31 மாதம் நிலவில் கிடந்ததை 1969 நவம்பரில் அப்பல்லோ 12 கொண்டுவந்தது. உள்ளிருந்த நுரைப்பஞ்சின் ஒரே ஒரு மாதிரியில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸ் முளைத்தது. அது மனிதத் தொண்டையில் குடியிருப்பது. பிற்காலத்தில் பழைய பதிவுகளைத் துருவியபோது, அரைக்கைச் சட்டையோடு வேலை செய்ததும், சுத்தம் செய்யாத பரப்பில் வைத்த கருவியையே திரும்ப எடுத்ததும் தெரிந்தன.

ஹைதராபாத்திலிருந்து 2005 ஏப்ரலில் இஸ்ரோ அனுப்பிய பலூன் 20 முதல் 41 கிலோமீட்டர் உயரத்தில் காற்றைச் சேகரித்தது. 12 பாக்டீரியா, 6 பூஞ்சைத் திட்டுகள் வளர்ந்தன. மூன்று புது இனங்கள், ஆனால் மூன்றும் நமக்குத் தெரிந்த பேரினங்களுக்குள்ளேயே அடங்கின. விண்ணிலிருந்து வந்தவை என்று இஸ்ரோவும் முடிவு கட்டவில்லை. விண்ணுயிர் என்று பேசப்பட்ட, கேரளத்தில் 2001இல் பெய்த சிவப்பு மழையில் இருந்தவை டிரென்டிபோலியா என்ற பாசியின் வித்துகள். ஆய்வகத்தில் வளர்த்தே காட்டினார்கள்.

செங்கோள்:
அப்படியானால் அந்த 21 நாள்?

சுத்த_அறை:
எண்ணம் சரி, செய்த விதத்தில் பெரிய ஓட்டை. 1969 ஜூலை 24 அன்று பசிபிக்கில் கலம் மிதக்கிறது. நீச்சல் வீரர் கதவைத் திறந்து தனிமை உடைகளை உள்ளே எறிகிறார். நிலவுத் தூசி கலந்த காற்று அந்தக் கணமே வெளியே போய்விட்டது. அதன் பிறகு ஹைப்போகுளோரைட்டால் உடையைத் துடைத்ததும், கலத்தில் அயோடின் கரைசல் பூசியதும், கப்பலில் உள்ளழுத்தம் குறைத்த பெட்டிக்குள் அடைத்ததும் எல்லாம் முறைப்படி நடந்தன. கிருமி புகுந்து நோய் தெரிய ஆகும் அடைகாலமே தெரியாதபோது 21 என்பது வெறும் ஊகம். தொழுநோய் வெளித் தெரியச் சராசரி 5 ஆண்டு ஆகும். ஹூஸ்டனில் நாசா ஆய்வகத்தில் நிலவுத் தூசியை எலி, காடை, இறால், கரப்பான் என்று கொடுத்துப் பார்த்தார்கள், நோய் எதுவும் வரவில்லை. அப்பல்லோ 14க்குப் பின் தனிமைப்படுத்தலையே விட்டுவிட்டார்கள்.

செவ்வாய் மண்ணுக்கு ஐரோப்பிய அறிவியல் அறக்கட்டளை 2012இல் பரிந்துரைத்த அளவு: 10 நானோமீட்டரோ அதற்கு மேலோ உள்ள, கிருமி நீக்காத ஒரே ஒரு துகள் வெளியேறும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே இருக்க வேண்டும். காற்றில் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரானுக்குத்தானே (300 நானோமீட்டர்), சின்னது தப்பிவிடுமே என்று பலர் கேட்பார்கள். 0.3 சுற்றுவட்டாரம்தான் பிடிக்கக் கடினமான அளவு. அதைவிடச் சிறியவை காற்று மூலக்கூறுகள் மோதித் தடுமாறி இழைகளில் ஒட்டிக்கொள்ளும். உண்மையான கசிவு வடிகட்டியின் விளிம்பு ரப்பரிலும் கையுறை மூட்டிலும் நடக்கும்.

நாசாவின் செவ்வாய் ஊர்தி பெர்சிவரன்ஸ் கொண்டுபோன 43 மாதிரிக் குழாய்களில் 5 குழாய்கள் சாட்சிக்கு. கல்லை எடுக்காமல் சுற்றுப்புற அழுக்கை மட்டும் பதிவு செய்பவை. நான் சொன்ன வெற்று மாதிரி அதுதான்.

ரைபோசோம்:
விண்வெளியும் நோயும் என்றால் நான் கவலைப்படுவது நாம் மேலே கொண்டுபோகிற கிருமிகளைப் பற்றி. 2006 செப்டம்பரில் அட்லாண்டிஸ் விண்வெளி ஓடத்தில் வளர்த்த சால்மோனெல்லா பாக்டீரியாவை எலிகளுக்குக் கொடுத்தபோது, பாதி எலிகளைக் கொல்லத் தேவைப்பட்ட அளவு தரையில் வளர்ந்ததைவிட 2.7 மடங்கு குறைந்தது, அதாவது வீரியம் ஏறியிருந்தது. வளர்ப்புக் கரைசலில் பாஸ்பேட்டைக் கூட்டினால் அந்த வீரியம் அடங்குவதும் தெரிந்தது. விண்வெளி நிலையத்தில் கிடைத்த என்டரோபாக்டர் புகாண்டென்சிஸ் பாக்டீரியாவின் 13 வகைகளை 2024இல் சென்னை ஐஐடியும் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகமும் சேர்ந்து ஆராய்ந்தன. பல மருந்துகளுக்கு அடங்காதவை. இந்த இனம் முதலில் அடையாளம் காணப்பட்டது தான்சானியாவில், ரத்தத் தொற்று கண்ட பச்சிளங்குழந்தைகளிடம்.