பாராலீகல் படிப்பு: போட்ட காசும் காலமும் திரும்புமா?

வைகைக்காரி:
கலிபோர்னியாவில் சேக்ரமெண்டோ பக்கம் இருக்கிறேன். கிரீன் கார்டு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. மதுரையில் பி.காம். முடித்தவள். இங்கே ஒரு மளிகைக் கடையில் கல்லாவில் நிற்கிறேன், மணிக்கு 18 டாலர். ஒரு வக்கீல் அலுவலகத்தில் பாராலீகலாக, அதாவது வக்கீலுக்குச் சட்ட வேலைகளில் உதவுகிறவராக, போக வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. தனியார் கல்லூரி ஒன்றில் விசாரித்தேன். இரண்டு வருஷ அசோசியேட் டிகிரிக்கு முப்பதாயிரம் டாலருக்கு மேல் சொல்கிறார்கள். கடனுக்கும் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம். இந்த வாரமே கையெழுத்துப் போடச் சொல்லி தினமும் போன் வருகிறது. போடலாமா?

கோப்புக்கட்டு:
அக்கா, முதலில் அந்தப் போனை எடுப்பதை நிறுத்துங்கள். கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜில், அதாவது அரசு நடத்தும் இரண்டு வருஷக் கல்லூரியில், இந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு யூனிட் (பாடத்தை அளக்கும் கணக்கு) 46 டாலர்தான். அசோசியேட் டிகிரிக்கு 60 யூனிட். ஆக மொத்தம் 2,760 டாலர். புத்தகச் செலவு தனி. வருமானம் குறைவு என்றால் கல்விக் கட்டணத்தையே தள்ளுபடி செய்யும் மாநிலத் திட்டமும் உண்டு. முப்பதாயிரம் எதற்கு?

நான் பதினோரு வருஷமாகக் குடியேற்ற வழக்குகள் பார்க்கும் அலுவலகத்தில் பாராலீகல். மார்ச்சில் எச்-1பி வேலை விசாவுக்குப் பதிவு, ஏப்ரலில் மனு என்று அந்த இரண்டு மாதம் மூச்சுவிட நேரம் இருக்காது. போன வருஷம் நம் ஊர்ப் பையன் ஒருவனின் கோப்பு வந்தது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர், விசாவில் முன்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. (முன்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்), பள்ளிச் சான்றிதழில் இன்ஷியலோடு வேறொரு வடிவம். மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்ட அஃபிடவிட் வேண்டும் என்பது அட்டர்னி கண்ணில் படவில்லை, என் கண்ணில் பட்டது. இந்த வேலைக்கு மரியாதை இருக்கிறது. சம்பளமும் இருக்கிறது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2024 மே மாதக் கணக்கில் பாராலீகல்களின் நடுச் சம்பளம் வருஷத்துக்கு 61,010 டாலர்.

மணற்கேணி:
அந்த 61,010ஐ புதிதாகச் சேரப் போகிறவரிடம் காட்டுவது நியாயமே இல்லை. பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ் என்பதுதான் அதன் அர்த்தம். உங்களைப் போல பத்துப் பதினைந்து வருஷம் ஆனவர்களும், மத்திய அரசு அலுவலகங்களில் நல்ல சம்பளம் வாங்குகிறவர்களும் அதற்குள் அடக்கம்.

என் கதையைச் சொல்கிறேன். கம்யூனிட்டி காலேஜில்தான் படித்தேன், 2019ல் முடித்தேன். எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் இரண்டு வருஷ அனுபவம் கேட்டார்கள். எட்டு மாதம் அலைந்து, இரண்டு அட்டர்னிகள் மட்டும் இருந்த சின்ன அலுவலகத்தில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தேன், மணிக்கு 19 டாலருக்கு. டிகிரி பையிலேயே கிடந்தது.

இன்னொன்று, 2023 முதல் 2033 வரை இந்த வேலையின் மொத்த எண்ணிக்கை 1 சதவீதம்தான் கூடும் என்று அதே துறைதான் கணித்தது. ஆயிரக்கணக்கான ஆவணங்களைப் படித்துப் பிரிக்கும் வேலை முன்பு புதிதாக வருகிறவர்களுக்குத்தான் கிடைக்கும். இப்போது அதை மென்பொருள் செய்கிறது.

கட்டணம் 2,760 என்று யாரும் ஏமாற வேண்டாம். கடை வேலையை விட்டுவிட்டு இரண்டு வருஷம் படித்தால் போகிற சம்பளத்தைக் கணக்குப் போடுங்கள். வருஷத்துக்கு 37,440, இரண்டு வருஷத்துக்கு 74,880. கட்டணத்தோடு 77,640. படித்து முடித்து மணிக்கு 23 டாலரில் சேர்ந்தால் வருஷத்துக்குக் கூடுதலாக வருவது 10,400. போட்டது திரும்ப ஏழரை வருஷம் ஆகும். அதுவும் வேலை உடனே கிடைத்தால்.

கோப்புக்கட்டு:
கணக்கு சரி. ஆனால் வேலையை விடச் சொல்லி யார் சொன்னது? நிறைய காலேஜ்களில் பாராலீகல் வகுப்புகள் சாயங்காலமும் ஆன்லைனிலும் நடக்கின்றன. வேலையில் இருந்துகொண்டே படித்தால் 74,880 கணக்கிலேயே வராது. நீங்கள் சொல்லும் அதே 23 டாலரில் சேர்ந்தாலும் கட்டணம் நாலு மாதத்துக்குள் திரும்பிவிடும்.

அப்புறம், மணிக்கூலியை மட்டும் பார்க்காதீர்கள். பெரும்பாலான பாராலீகல்களுக்கு வாரம் 40 மணிக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு ஓவர்டைம் தர வேண்டும் என்பது மத்தியச் சட்டம். எச்-1பி சீசனில் என் சம்பளச் சீட்டைப் பார்த்தால் தெரியும். அலுவலகங்கள் எங்களை வைத்திருப்பதும் சும்மா இல்லை. எதிர்த்தரப்பு கட்ட வேண்டிய வக்கீல் கட்டணத்தில் பாராலீகலின் நேரத்தையும் சந்தை விலையில் சேர்க்கலாம் என்று 1989லேயே மிசௌரி எதிர் ஜென்கின்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆறு ஆறு நிமிஷமாக நான் எழுதி வைக்கும் நேரம் அலுவலகத்துக்கு வருமானம்.

மணற்கேணி:
சாயங்கால வகுப்பில் 60 யூனிட் முடிக்க நாலு வருஷம் ஆகும் தம்பி. பகலெல்லாம் கல்லாவில் நின்றுவிட்டு ராத்திரி ஒன்பதரை வரை வகுப்பு. அந்த நாலு வருஷத்துக்கு உங்கள் கணக்கில் விலையே இல்லை.

தென்காசிச் சாரல்:
இரண்டு பேரும் 60 யூனிட்டைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். இவர் ஏற்கெனவே பி.காம். படித்தவர் என்பதை யாருமே கவனிக்கவில்லையே.

கலிபோர்னியாவில் யார் தன்னைப் பாராலீகல் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதற்குச் சட்டமே இருக்கிறது, வணிகம் மற்றும் தொழில்கள் சட்டத்தொகுப்பின் 6450ஆம் பிரிவு. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் சட்டப் பாடங்களில் 24 யூனிட்டாவது கொண்ட சான்றிதழ் இருந்தால் போதும். 24 யூனிட் என்றால் 1,104 டாலர். இன்னொரு வழி, ஏதாவது ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம், கூடவே ஓர் அட்டர்னியின் மேற்பார்வையில் ஒரு வருஷ அனுபவம், இவர் இந்த வேலைக்குத் தகுதியானவர் என்று அவர் எழுதித் தரும் உறுதிமொழி. மணற்கேணி கசப்போடு சொன்ன அந்தச் சின்ன அலுவலகம் மாதிரி ஓர் இடம்தான் இந்த இரண்டாவது வழிக்கு வாசல்.

மணற்கேணி:
இது நல்ல விஷயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு இடத்தில் கால் வழுக்கும். நம் ஊர் பி.காம். மூன்று வருஷம். இங்கே மதிப்பீடு செய்கிற சில நிறுவனங்கள் அதை நாலு வருஷப் பட்டத்துக்குச் சமமாக எடுப்பதில்லை. வைகைக்காரி முதலில் அந்த மதிப்பீட்டை வாங்கட்டும். அடுத்தது, வரவேற்பு மேசையில் போன் எடுத்த ஒரு வருஷத்தை எந்த அட்டர்னியும் அனுபவம் என்று எழுதித் தர மாட்டார். என் முதலாளி தரவில்லை. மனு தயாரிப்பது, கோப்பு அடுக்குவது, தேதி பார்ப்பது என்று சட்ட வேலையும் தருவீர்களா என்று சேரும் முன்பே வாய்விட்டுக் கேட்க வேண்டும். நான் கேட்காமல் சேர்ந்தேன்.

கோப்புக்கட்டு:
இதில் எனக்கு மறுப்பே இல்லை அண்ணா. பட்டம் இருப்பதால் மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகையையும் அக்கா நம்ப முடியாது, வெளிநாட்டுப் பட்டமானாலும் பொதுவாகக் கிடைக்காது. கடன் இல்லாமல் முடிக்கிற வழிதான் வழி. தனியார் கல்லூரி நிறுவனங்களான கொரிந்தியன் காலேஜஸ் 2015லும் ஐ.டி.டி. டெக் 2016லும் மூடியபோது, பாதிப் படிப்பில் நின்ற மாணவர்கள் வேறு கல்லூரிக்கு யூனிட்டுகளை மாற்ற முடியாமல் எவ்வளவு தவித்தார்கள். யூனிட் வேறு கல்லூரியில் செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள், போன் வருவது நின்றுவிடும்.

வைகைக்காரி:
கேட்டேன். "அது அந்தந்தக் கல்லூரியின் முடிவு" என்று ஒரு வரியில் பதில் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பி.காம். மதிப்பெண் பட்டியலை மதிப்பீட்டுக்கு அனுப்ப, ஒரிஜினலைத் தேடச் சொல்லி அம்மாவுக்குப் போன் போட்டேன். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறதாம். அடுத்த பருவத்தில் சாயங்கால வகுப்பில் ஒரே ஒரு பாடம், மூன்று யூனிட், 138 டாலர். கடை வேலையை விடவில்லை. சாரல் சொன்ன மாதிரி சின்ன அலுவலகங்களுக்கு எழுதப் போகிறேன். மணற்கேணி அண்ணா, நேர்காணலில் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதித் தருவீர்களா?

மணற்கேணி:
ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதிப் போடுகிறேன் அம்மா.